உரையில்லாச் சூத்திரம்

இலக்கணம் பயின்றார்க்குச் சூத்திரம் என்னும் சொல் புதிதன்று. சிறியதொரு கண்ணாடியிலே பெரியதோர் உருவம் முழுதும் தோன்றுமாறு போலச் சில எழுத்தினாலே பல பொருளை அடக்கி நிற்பது சூத்திரம் என்று நன்னூலார் அதன் இயல்பு வகுத்தார். அச்சொல்லையே எங்கள் இலங்கைப் பாடசாலைகளிலே பௌதிகவியல் ஆசிரியரும் வழங்குகின்றனர். ஆரை காண்பதற்கு ஒரு சூத்திரம், காலம் காண்பதற்கு ஒரு சூத்திரம் என அவர்தம் கரும்பலகை நிறையச் சூத்திரங்களே. பெயர் ஒன்றாயினும் இரண்டு வகுப்பறைகளிலும் அது பெறும் வாழ்வு ஒன்றன்று. தமிழ் வகுப்பிலே சூத்திரம் எழுதப்பட்டவுடன் உரை தொடங்குகிறது. பௌதிகவியல் வகுப்பிலோ சூத்திரம் எழுதப்பட்டவுடன் கணக்குத் தொடங்குகிறது.

இவ்வேறுபாடு சிறிதுபோலத் தோன்றும். முப்பது ஆண்டுகளாக ஆசிரியத் தொழிலில் நின்று பார்த்தவன் என்ற உரிமையோடு சொல்லுகிறேன்: நம் பிள்ளைகள் பலர் அறிவியலைக் கைவிடுவதற்கு இதனினும் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காண்டிகையுரைக்கு உறுப்பு ஐந்து என்பர். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பன அவை. நம் முன்னோர் சூத்திரத்தை மனப்பாடஞ் செய்வித்தனர், அது மெய். ஆயின் மனப்பாடத்தோடு விட்டாரல்லர். அதன் கருத்து இது, இச்சொல்லுக்கு இங்கே பொருள் இது, இதற்கு உலகிலே காட்டு இது, இதன்மேல் எழும் ஐயம் இது, அதனை அறுக்கும் விடை இது என்று ஒவ்வொன்றையும் முறையே ஓதுவித்தனர். உரை கேளாத சூத்திரத்தைக் கற்றவன் கற்றவனாக எண்ணப்படவில்லை. இம்முறையைப் பௌதிகவியற் சூத்திரம் ஒன்றற்குப் பொருத்திப் பார்ப்போமாயின் யான் சொல்ல வந்தது விளங்கும்.

உயர்தர வகுப்பினர் படிக்கும் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சீரான காந்தப் புலத்திலே ஏற்றம் பெற்ற துணிக்கையொன்று புலத்துக்குச் செங்குத்தாகப் புகுந்தால் அது வட்டத்திலே இயங்கும். அவ்வட்டத்தின் ஆரை, துணிக்கையின் திணிவை அதன் கதியாற் பெருக்கி, அதன் ஏற்றத்தையும் புலத்தின் வலிமையையும் பெருக்கிவந்த தொகையால் வகுக்கக் கிடைப்பது. புத்தகத்திலே இஃது ஐந்து எழுத்துக்களிலே அடங்கிக் கிடக்கிறது.

அண்மையில் உயர்தர மாணவன் ஒருவனை அழைத்து இதனைச் சொல்லும்படி கேட்டேன். ஐந்து எழுத்துக்களையும் பிழையின்றிச் சொன்னான். எண் கொடுத்தேன், ஆரையும் கணித்தான். “தம்பி, அந்தத் துணிக்கையின் வேகம் மாறுகிறதா?” என்றேன். “மாறாது ஐயா” என்றான். “அப்படியானால் அதன்மேல் விசை எதற்கு?” என்றேன். நெடுநேரம் நின்றான். மூளை குறைந்த பிள்ளையல்லன் அவன். அவனுக்குச் சூத்திரம் வந்தது, உரை வரவில்லை. அவ்வளவே.

இனி அவ்வுரையை யான் அறிந்த அளவிலே, என் உடனாசிரியராகிய பௌதிகவியலார் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தவாறு, உரைக்க முயல்கிறேன்.

முதலிற் கருத்து. காந்தப் புலம் ஏற்றமுற்ற துணிக்கையைத் திருப்பும். விரைவுபடுத்தாது, தளர்த்தவும் செய்யாது. இதுவே இச்சூத்திரத்தின் உயிர். காந்த விசை எப்பொழுதும் துணிக்கை செல்லும் திசைக்குச் செங்குத்தாகவே நிற்கிறது. பின்னின்று தள்ளாத விசையும் முன்னின்று தடுக்காத விசையும் துணிக்கைக்குச் சத்தி கொடுப்பதுமில்லை, அதனிடமிருந்து கவர்வதுமில்லை. பக்கத்தே நின்று திருப்புவதே அதன் தொழில். கதி மாறாமலும் புலம் சீராகவும் இருத்தலின் திருப்பமும் எவ்விடத்தும் ஒரே அளவினதாகும். எவ்விடத்தும் ஒரே அளவாக வளைகின்ற வழி வட்டமன்றி வேறென்ன?

அடுத்துப் பதப்பொருள். இங்கேதான் தமிழாசிரியன் துணை இன்றியமையாதது. கதி என்பது இத்துணை விரைவு என்னும் அளவு மாத்திரம். வேகம் என்பது விரைவோடு திசையையும் சேர்த்துச் சுட்டுவது. நம் துணிக்கைக்குக் கதி மாறவில்லை. திசை கணந்தோறும் மாறுதலின் வேகம் மாறுகிறது. வேகம் மாறுவதனாலேதான் விசை உண்டு என்கிறோம். ஆயின் வீட்டிலும் வீதியிலும் வேகம் என்னும் சொல்லுக்குத் திசை ஏது? “வேகமாய்ப் போகாதே” என்று தாய் சொல்லுமிடத்துக் கிழக்கு மேற்கு எண்ணிச் சொல்லுகின்றாளோ? பௌதிகவியலார் அப்பொதுச்சொல்லை எடுத்துத் தமக்குரிய பொருளிலே வழங்குகின்றனர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போன்ற குழூஉக்குறி இது. ஏற்றம் என்பதும் அவ்வாறே. உயர்ச்சி என்றும் நீரிறைக்கும் ஏற்றம் என்றும் அறிந்த பிள்ளை, மின்னேற்றத்தை இச்சொல்லாற் சுட்டுவது ஏன் என்று ஒருமுறையாவது கேட்டறிதல் வேண்டாவா? கடல் கடந்த தமிழகத்திலே இதனை மின்னூட்டம் என்பர். எங்கள் கதியை வேகம் என்றும், வேகத்தைத் திசைவேகம் என்றும் வழங்குவர். இரண்டு கரைப் புத்தகங்களையும் ஒருங்கே படிக்கும் மாணாக்கன் மயங்காதிருத்தல் அரிது. குழூஉக்குறி இன்னதென்று கற்பிப்பவன் தமிழாசிரியனே. ஆயினும் அவன் பறியோடு நின்றுவிடுகிறான்.

சூத்திரத்தின் உறுப்புக்களை நோக்குக. மேலே நிற்பன இரண்டு: திணிவு, கதி. இவை வளைவுக்கு இணங்காதவை. கனத்த துணிக்கையும் விரைந்த துணிக்கையும் எளிதிலே திரும்பமாட்டா. ஆகவே அவற்றின் வட்டம் பெரிது. கீழே நிற்பன இரண்டு: ஏற்றம், புலத்தின் வலிமை. இவை வளைப்பவை. இவை மிகுந்தால் வட்டம் சுருங்கும். புரோத்தனும் இலத்திரனும் அளவாலே ஒத்த ஏற்றமுடையன. புரோத்தனின் திணிவோ இலத்திரனின் திணிவைப்போல ஏறத்தாழ 1,836 மடங்கு. எனவே ஒரே கதியிற் புகுந்தால் புரோத்தனின் வட்டம் 1,836 மடங்கு பெரிதாகும். ஒன்று நேரேற்றமும் மற்றது மறையேற்றமும் உடையனவாதலின் சுழலுந் திசையும் எதிராகும். இவ்வளவும் கணக்கின்றியே, மேலிருப்பது யாது கீழிருப்பது யாது என்று நோக்கிய மாத்திரத்திலே புலப்படுகின்றது.

மூன்றாவது எடுத்துக்காட்டு. முளையிலே நீண்ட கயிற்றாற் கட்டிய கன்று கயிறு இறுகியவுடன் வட்டமிட்டு ஓடுவதைப் பார்த்திராத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. கயிறு கன்றை ஓட்டுவதுமில்லை, நிறுத்துவதுமில்லை; நடுவை நோக்கி இழுத்துத் திருப்புகிறது. காட்டு எங்கே பொருந்தாது என்பதையும் உடன் சொல்லுதல் உரைகாரன் கடமை. கன்று விரைந்தோடினாலும் கயிற்றின் நீளம் மாறாது. துணிக்கை விரைந்தோடினால் அதன் வட்டம் அகலும்.

நான்காவதும் ஐந்தாவதும் வினாவும் விடையும். விரைந்த துணிக்கை ஒரு சுற்றை விரைவில் முடிக்குமோ எனின், முடிக்காது. கதி இருமடங்கானால் ஆரையும் இருமடங்காகும், சுற்றளவும் இருமடங்காகும். ஓட்டத்தில் வல்லவனுக்கு நீண்ட வழியும் மெல்ல ஓடுபவனுக்குக் குறுகிய வழியும் அமைந்தமையால் இருவரும் ஒரே நேரத்திலே புறப்பட்ட இடத்தை அடைகின்றனர். இந்த ஒரு விடையின் மேலேதான் அமெரிக்க அறிஞர் எர்னெஸ்ட் லாரன்ஸ் தமது சைக்கிளோத்திரன் என்னும் பொறியை அமைத்தார். 1931 ஆம் ஆண்டிலே அவரும் அவர் மாணவர் லிவிங்ஸ்டனும் இயக்கிய முதற்பொறி உள்ளங்கையளவினது. குறுக்களவு நாலரை அங்குலம். காந்தம் துணிக்கையைத் திருப்பித் திருப்பி ஒரே இடத்துக்குக் கொணர, அவ்விடத்திலே மின்புலம் காலந்தவறாது தள்ளித் தள்ளி அதனை விரைவுபடுத்தும். சுற்றுக்காலம் மாறாமையால் தள்ளுங்காலமும் மாறவேண்டுவதில்லை. 1939 ஆம் ஆண்டு லாரன்ஸ் நோபெல் பரிசு பெற்றார். ஒளியின் கதியை அணுகும் துணிக்கைகளுக்கு இக்கால ஒப்புமை பிறழும் என்பது இதற்கு விசேடவுரை.

புலத்தின் திசைவழியே செல்லும் துணிக்கைக்கு யாது நேரும் எனின், ஒன்றும் நேராது. காந்தம் அதனைத் தீண்டுவதில்லை. சாய்வாகப் புகுந்தால்? புலத்தின் வழிச் செல்லும் கூறு தடையின்றிச் செல்லும். குறுக்கே செல்லும் கூறு வட்டமிடும். இரண்டும் கூடத் துணிக்கை கொடி சுற்றினாற்போலச் சுருண்டு சுருண்டு செல்லும்.

இவையெல்லாம் மேனாட்டு ஆய்வுக்கூடங்களிலே நிகழ்வன, நமக்கென்ன என்று எண்ணற்க. கல்குடாவிலே இருந்து இப்பாடத்தைப் படிப்பவன் பேறு பெற்றவன். புவியே பெருங்காந்தம். இலண்டனிலே தடையின்றித் தொங்கும் காந்த ஊசி ஏறத்தாழ 66 பாகை நிலத்தை நோக்கிச் சாயும். எங்கள் மட்டக்களப்புப் பகுதியோ காந்த மத்தியகோட்டுக்கு மிக அண்மையில் உள்ளது. இங்கே ஊசி ஏறக்குறையச் சமமட்டமாகவே நிற்கும். புலம் தெற்கிலிருந்து வடக்காக நிலத்தின்மேற் படிந்தாற்போலச் செல்லும். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலே 1963 ஆம் ஆண்டு இந்தியா வானாய்வு உந்துகணைத் தளம் அமைத்ததும் அக்கோடு அவ்வழிச் செல்லுதல் பற்றியே. புவிமுழுதும் இப்புலம் சீரானதன்று. ஆயினும் ஒரு வகுப்பறையின் எல்லைக்குள்ளே, ஒரு கடற்கரையின் எல்லைக்குள்ளே அதனைச் சீரானதெனக் கொள்ளலாம்.

இங்குள்ள புலத்தின் வலிமை ஏறத்தாழ 40 மைக்ரோதெசுலா. இவ்வளவு மெலிந்த புலத்திலேயே கட்டற்ற இலத்திரனொன்று செக்கனுக்கு ஏறத்தாழ 11 இலட்சம் முறை சுற்றும். புரோத்தன் ஏறத்தாழ 610 முறை சுற்றும். இனி, பாசிக்குடாக் கரையிலே வடக்கு நோக்கி நிற்கும் மாணவன் இடக்கையை நீட்டிச் சுட்டுவிரலை வடக்கே புலத்தின் வழி வைக்கட்டும். வானத்திலிருந்து நேரேற்றத் துணிக்கையொன்று நேர்கீழாக விழுகின்றதெனக் கொண்டு நடுவிரலை நிலத்தை நோக்கி வைக்கட்டும். பெருவிரல் கிழக்கே கடலைக் காட்டும். விழுந்தது இலத்திரனாயின் விசை மேற்கே நிலத்தை நோக்கும். பிளெமிங்கின் இடக்கை விதி என்று பரீட்சைக்காக விரல்களை முறுக்கித் துன்புறும் பிள்ளை, தன் கடலையும் தன் நிலத்தையும் கொண்டு அதனை அறிந்துகொள்ளலாம்.

அறிந்தால் அவன் உலகறிந்த ஆராய்ச்சி ஒன்றின் வாயிலிலே நிற்கிறான். வானிலிருந்து புவியை இடையறாது தாக்கும் அண்டக் கதிர்கள் ஒளிபோல்வனவோ, ஏற்றமுற்ற துணிக்கைகளோ என்பது ஒருகாலத்திலே பெரிய வழக்கு. 1927 ஆம் ஆண்டு ஒல்லாந்து அறிஞர் கிளே யாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலிலே செல்லும்போது அளந்து பார்த்து, மத்தியகோட்டை அடுத்த கடலிலே இக்கதிர்கள் குறைதலைக் கண்டார். ஒளியாயின் காந்தம் அதனைத் திருப்பாது. குறைந்தமையால் அவை ஏற்றமுடையன என்பது பெறப்பட்டது. 1933 ஆம் ஆண்டு மெக்சிக்கோவிலும் எரித்திரியாவிலும் செய்த அளவைகள், மேற்கிலிருந்து வருவன கிழக்கிலிருந்து வருவனவற்றினும் மிகுதி என்று காட்டின. அதனால் அவற்றுட் பெரும்பாலன நேரேற்றமுடையன என்பது துணியப்பட்டது. கடலை நோக்கிய பெருவிரல் சொல்லியதும் அதுவே அன்றோ? கிழக்கே திருப்பப்படுவன மேற்கிலிருந்து வருவனபோலவே வந்து சேரும்.

நம் தமிழ்நிலத்திலேயே இவ்வாராய்ச்சி இன்றும் நிகழ்கின்றது. உதகமண்டலத்திலே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் நிறுவிய கிரேப்ஸ்-3 என்னும் கருவித்தொகுதி அண்டக் கதிர்களாற் பிறக்கும் மியூவன்களை எண்ணுகின்றது. அவ்விடத்திலே நேர்மேலிருந்து வரும் புரோத்தன் ஏறத்தாழ 1,700 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சத்தியுடையதாயினன்றிப் புவியின் காந்தவேலியைக் கடந்து இறங்கமாட்டாது. 2015 ஆம் ஆண்டு யூன் 22 ஆம் நாள் சூரியனிலிருந்து எழுந்த துணிக்கைப் பெருமுகில் புவியைத் தாக்கியபோது, ஏறக்குறைய இரண்டு மணிநேரம் மியூவன்கள் வழக்கத்தினும் மிகுந்து வந்தன. வேலி சிறிது தளர்ந்தது; உள்ளே வர இயலாதிருந்தவை வந்தன என்று ஆய்வாளர் விளக்கினர். புலம் மெலிந்தால் வட்டம் விரியும் என்ற நம் சூத்திரத்தின் பதப்பொருளே அவ்விளக்கத்தின் அடியிற் கிடப்பது.

இத்துணை பொருள் செறிந்த சூத்திரத்தை ஐந்து எழுத்தும் ஒரு கணக்குமாகச் சுருக்கிக் கையிற் கொடுத்தால், பிள்ளைக்கு அதன்மேல் அன்பு எங்ஙனம் பிறக்கும்? பிறவாதவன் அறிவியலை விட்டுக் கலைப்பிரிவுக்கு வருகிறான். வந்தவனைத் தமிழாசிரியராகிய நாம் நமக்கு வந்த ஊதியமென வரவேற்கிறோம். நான் அவ்வாறு மகிழ்வதற்கில்லை. அவன் தமிழார்வத்தால் அறிவியலை விட்டவனல்லன். அறிவியல் வகுப்பிலே போதிய தமிழ் கிடையாமையால் விட்டவன். அது நம் வெற்றியன்று; நம் கடன் நிலுவை.

“சூத்திரத்துக்கு மொழி வேண்டா, கணிதமே அதன் மொழி” என்பார் உளர். கணிதம் உறவைக் காட்டும். உறவின் பொருளைக் காட்டாது. அப்பொருளை ஆசிரியர் யாதானும் ஒரு மொழியிலே சொல்லித்தானே ஆகவேண்டும்? “பல்கலைக்கழகத்திலே அறிவியல் ஆங்கிலத்திலன்றோ நடைபெறுகின்றது? இப்போதே ஆங்கிலத்திற் கற்பித்தால் என்ன?” என்பார் வேறு சிலர். ஆங்கிலம் கற்க வேண்டும். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆயின் கதி மாறாமல் வேகம் மாறுவதைத் தன் மொழியிலே தெளிந்தவன் எம்மொழியிலும் அதனை அடையாளங் காண்பான். தெளியாதவனுக்கு மொழியை மாற்றினால் மயக்கமும் உடன் மொழிபெயரும்.

“கலைச்சொல் ஆக்கும் பணி இன்னும் முடியவில்லையே” என்பது மூன்றாவது தடை. இலத்திரனா எலக்ட்ரானா, ஏற்றமா மின்னூட்டமா என்று நாம் வழக்காடிய காலம் போதாதா? சொல்லாக்கத்திலே நாம் வறியரல்லேம். உரையாக்கத்திலேதான் வறியேம். எங்கள் மட்டக்களப்பு நாட்டுக் காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகளார் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920 ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். 1936 ஆம் ஆண்டு சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் சொல்லைத் திரட்டியதோடு அமைந்தாரல்லர். 1947 ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலிலே பழைய இசைக்குறிப்புக்களுக்குக் கணக்கறிவோடு உரை கண்டார். பண்டிதமும் பௌதிகமும் ஒருவரிடத்தே கூடிய காலம் அது. இன்று ஒருவரிடத்தே கூடாவிட்டாலும் ஒரு பாடசாலையிலேனும் கூடலாகாதா?

யான் வேண்டுவது பெரிதன்று, பணச்செலவும் இல்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் தமிழாசிரியர் ஒருவரும் அறிவியலாசிரியர் ஒருவரும் வாரத்துக்கு ஒரு மணிநேரம் ஒருங்கிருந்து, ஒரு சூத்திரத்துக்குக் காண்டிகை எழுதுக. ஐந்து உறுப்பும் அமைய இரண்டு பக்கம் போதும். பொருட்பிழை நேராமல் அறிவியலாசிரியர் காப்பார். சொல் மயங்காமல் தமிழாசிரியர் காப்பார். ஆண்டுக்கு நாற்பது வாரம் இருந்தெழுதினால் நாற்பது சூத்திரங்களுக்கு உரை கிடைக்கும். பரீட்சை வினாத்தாள் அமைப்போரும் ஒன்று செய்க: சூத்திரத்தை எழுத்துக் குறிகளின்றித் தமிழ் வாக்கியமாக எழுதி விளக்குக என்று ஒரு வினாவேனும் கேட்க. கேட்கப்படுவதையே கற்பிக்கும் காலம் இது, கேட்டால் கற்பிப்பர்.

இதனைப் படிக்கும் தமிழாசிரிய நண்பர்களுக்குச் சிறப்பாக ஒன்று சொல்வேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறையிலே பௌதிகவியலாசிரியர் அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, “இச்சூத்திரத்தின் கருத்து யாது?” என்று கேளுங்கள். அவர் கணக்குப் போட்டுக் காட்டத் தொடங்கினால் எழுந்துவிடாதீர்கள். கருத்தைத் தமிழ் வாக்கியமாகச் சொல்லும்வரை பொறுமையோடு மீண்டும் கேளுங்கள். அவ்வாக்கியம் பிறந்தவுடன் எழுதி வையுங்கள்.